ராசிக் குறி எல்லாம் கட்டமாக வருகிறது, அவசரம்

வெண்ணிலா_நகர்: பெரியப்பாவுக்கு ராசிபலன் பக்கம் ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு ராசிப் பெயருக்கும் முன்னால் அதன் குறி. கைபேசியில் திறந்தால் பன்னிரண்டும் கட்டம் கட்டமாக வருகிறது. நாளைக் காலை அவர் பார்க்கப் போகிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

கீழவீதி: எந்தக் கைபேசி? எந்த உலாவி? குறியை வெட்டி ஒட்டினீர்களா, எண்ணாகக் கொடுத்தீர்களா? ஜாதகத்தைக் கொடுக்காமல் பலன் கேட்டால் எப்படி?

எழுத்தச்சன்: சந்தேகமே வேண்டாம், எழுத்துருதான். பாமினி மாதிரிப் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்ததை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். முதலில் யூனிகோடுக்கு, அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தருகிற பொது முறைக்கு, மாற்றுங்கள்.

வெண்ணிலா_நகர்: பாமினி எல்லாம் இல்லை. தமிழ் ஒழுங்காகத்தான் தெரிகிறது. குறி மட்டும்தான் இப்படி.

பைட்டுப்பாண்டி: இதற்கு இங்கே பத்துத் தடவை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. இந்தக் குறிகள் எமோஜி. எமோஜிக்கு 4 பைட். மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் பழைய யுடிஎஃப்8 முறையில் எழுத்தைச் சேமிக்கும் அட்டவணை, ஓர் எழுத்துக்கு 3 பைட்டுக்கு மேல் வாங்காது. 4 பைட் வாங்குகிற யுடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், முடிந்தது.

சுண்டக்காய்: அண்ணா, எல்லா எமோஜியும் 4 பைட் இல்லை. மேஷக் குறியின் யூனிகோடு எண் 9800, அங்கிருந்து வரிசையாக மீனம் 9811. 65535-க்குள் அடங்குவதால் 3 பைட்தான். நம்ம 'க'வுக்கும் அதே 3 பைட். தமிழ் உள்ளே போகிறதென்றால் இதுவும் போகும். தவிர, இவை 1993-இல் யூனிகோடு 1.1-லேயே சாதாரணக் குறிகளாக வந்தவை. எமோஜி வேஷம் பிற்பாடு கட்டியது.

பைட்டுப்பாண்டி: எம்பி4 வைத்தால் நஷ்டமா?

சுண்டக்காய்: நஷ்டம் இல்லை, ஆனால் இந்த நோய்க்கு அது மருந்தும் இல்லை. வெண்ணிலா, கட்டம் என்றால் எந்தக் கட்டம்? உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கட்டமா, ஊதாவில் நடுவே வெள்ளைக் குறியோடு வருகிற கட்டமா?

வெண்ணிலா_நகர்: ஊதாதான். அதைத்தானே சொன்னேன்.

கீழவீதி: எங்கே சொன்னீர்கள்!

சுண்டக்காய்: அப்படியென்றால் எதுவும் கெடவில்லை. ஒரே எண்ணுக்கு எழுத்து வடிவம், எமோஜி வடிவம் என்று இரண்டு உண்டு. எது வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் ராசிக் குறிகளுக்கு எமோஜிதான் வரும். குறிக்குப் பின்னாலேயே 65038 ஒட்டுங்கள், எழுத்து வடிவம் கிடைக்கும். (65039 என்றால் எமோஜி.) சிம்மத்துக்கு இப்படி:

♌︎

நடுவில் இடைவெளி கூடாது. இந்த 65038 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஓர் எழுத்தாகக் கணக்கில் வரும். தேடல் வைத்திருந்தால் அங்கே உதைக்கும். கைபேசியில் கறுப்பு வெள்ளைக் குறியுள்ள எழுத்துரு இல்லாவிட்டால் மறுபடி ஊதாதான். அப்போது அப்படி ஓர் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டியதுதான்.

எழுத்தச்சன்: பதின்மூன்றாவது குறி ஒன்று இருக்கிறதே, ஒஃபியூகஸ் என்கிற விண்மீன் கூட்டத்தின் பாம்பு பிடித்தவன்? 9934. அதை ஏன் விட்டீர்கள்?

கீழவீதி: ராசி பன்னிரண்டுதான் சார். பதின்மூன்றாவதைக் காட்டினால் பெரியப்பா பக்கத்தையே மூடச் சொல்வார்.

எழுத்தச்சன்: யூனிகோடே 2010-இல் சேர்த்துவிட்டது.

சுண்டக்காய்: ஜப்பான் கைபேசிகளின் எமோஜிப் பட்டியலில் இருந்ததால் சேர்த்தார்கள். ஜாதகம் பார்த்து இல்லை.

பைட்டுப்பாண்டி: அதை விடுங்கள். மகரத்துக்கு ஆட்டுக் கொம்பும் மீன் வாலும் போட்டிருக்கிறான். நமக்கு மகரம் என்றால் சுறா, இல்லாவிட்டால் முதலை. அதை ஒருவரும் கேட்கக் காணோம்.

கீழவீதி: சுறாவா முதலையா, முதலில் அதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

வெண்ணிலா_நகர்: வந்துவிட்டது, நன்றி. மீனம் மட்டும் இன்னும் ஊதா. பெரியப்பா மீன ராசி.

சுண்டக்காய்: அந்த வரியில் இடைவெளி விட்டிருப்பீர்கள். பாருங்கள்.