வளையல் துண்டு வைத்து உருக்கிய கண்ணாடி மறுநாள் விரிசல் விடுகிறது. என்ன காரணம்?

பச்சைவளையல்:
எல்லோருக்கும் வணக்கம். கண்ணாடித் துண்டுகளைச் சூளையில் உருக்கி ஒட்டும் ஃப்யூஸ்டு கிளாஸ் வேலைக்கு நான் புதிது. மண்பாண்டம் செய்யும் தோழி ஒருத்தி தன் எலக்ட்ரிக் சூளையை வாரக் கடைசியில் எனக்குக் கொடுக்கிறாள். கண்ணாடிக் கடையில் கழிவாக விழும் 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடியை வாங்கி, 10 செ.மீ. சதுரமாக வெட்டி, இரண்டு அடுக்காக வைத்து, மேலே ஃபிரோசாபாத் வளையல் துண்டுகளைப் பரப்பி உருக்குகிறேன். டம்ளர் வைக்கும் தட்டுதான் நோக்கம். 825 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் நிறுத்துவேன். அப்புறம் அணைத்துவிட்டு, மறுநாள் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறப்பேன்.

எடுக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ராத்திரி அலமாரியிலிருந்து ‘டிக்’ என்று சத்தம் கேட்கும், காலையில் பார்த்தால் விரிசல். ஒரு தட்டு இரண்டாகவே பிளந்துவிட்டது. இன்னும் மெதுவாக ஆற விட வேண்டுமா? போதாததற்கு மேல்பரப்பில் பால் ஆடை மாதிரி மங்கலும் படிகிறது.

சூளைக்காரன்:
ஆற விடுவதில்தான் கோளாறு. மண் சாமானுக்கு அணைத்துவிட்டுப் போய்த் தூங்கலாம், கண்ணாடிக்கு அது ஆகாது. ஜன்னல் கண்ணாடி என்றால் 550 டிகிரி வாக்கில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். அதைத்தான் அனீலிங் என்பார்கள். உள்ளும் புறமும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு, மணிக்கு 60 டிகிரிக்கு மேல் போகாமல் இறக்குங்கள்.

பச்சைவளையல்:
அதுவும் செய்து பார்த்தாயிற்று அண்ணா. போன தடவை 550-ல் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினேன். கதை மாறவில்லை.

நீலத்துளி:
சூட்டுக் கணக்குக்குப் போவதற்கு முன் விரிசலைப் பாருங்கள், காரணத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். முதலில் விரிசலின் ஓரத்தை விரல் நகத்தால் மெல்லத் தடவுங்கள். ஓரம் மழுங்கி உருண்டிருந்தால் சூடேறும்போதே விட்டது, பிறகு உருகி வழவழப்பாகியிருக்கிறது. அப்படியென்றால் வேகமாக ஏற்றியிருக்கிறீர்கள். ஓரம் பிளேடு மாதிரி கூர்மையாக இருந்தால் ஆறும்போதோ ஆறிய பிறகோ விட்டது. உங்களுக்கு இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து, விரிசல் எந்த வழியாக ஓடுகிறது? தட்டின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, வளையலைக் கண்டுகொள்ளாமல் வளைந்து ஓடினால் சூளைக்காரன் சொன்னதுதான். வளையல் துண்டைச் சுற்றிக்கொண்டோ அதன் விளிம்பை ஒட்டியோ ஓடினால் வேறு கதை.

பச்சைவளையல்:
கூர்மைதான் அக்கா, விரலைக் கீறிவிட்டது. மூன்று தட்டிலும் சிவப்பு வளையல் ஓரமாகவே போகிறது. ஒன்றில் சிவப்புத் துண்டைச் சுற்றி அரைவட்டமாகப் போய், அங்கிருந்து ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. பச்சை, நீலத்தைத் தொடவில்லை.

நீலத்துளி:
அப்படியானால் அனீலிங்கை எவ்வளவு நீட்டினாலும் பயனில்லை. அந்தச் சிவப்பும் உங்கள் ஜன்னல் கண்ணாடியும் ஒன்றுக்கொன்று ஒத்துவராதவை.

ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கும் அளவு வேறு. அதைத்தான் சி.ஓ.இ. என்ற எண்ணால் சொல்கிறோம், ஒரு டிகிரிக்கு நீளத்தில் கோடியில் எத்தனை பங்கு என்று. அமெரிக்காவில் போர்ட்லாண்டின் புல்ஸ்ஐ கண்ணாடி 90, ஓஷன்சைடு 96, மணி செய்கிறவர்கள் வாங்கும் இத்தாலிய எஃபெட்ரே 104, ஜன்னல் கண்ணாடி சுமார் 85. கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 செ.மீ. நீளம் 500 டிகிரி இறங்கும்போது 90 கண்ணாடி 0.45 மி.மீ. சுருங்கும், 104 கண்ணாடி 0.52 மி.மீ. சுருங்கும். வித்தியாசம் 0.07 மி.மீ.தான். ஆனால் இரண்டும் உருகி ஒட்டிப்போன பிறகு அந்த 0.07-ஐ வைக்க இடமேது? வேகம் வேறான இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டின மாதிரி இழுத்துக்கொண்டே கிடக்கும். சில சமயம் சூளைக்குள்ளேயே விடும், சில சமயம் பல வாரம் கழித்து, யாருக்காவது பரிசாகக் கொடுத்த பிறகு.

வளையல் பட்டறையில் அந்தச் சிவப்பை வளையலுக்காக மட்டும் உருக்குகிறார்கள். ஜன்னல் கண்ணாடியோடு அது ஒத்துப்போக வேண்டும் என்ற தேவை அங்கே யாருக்கும் கிடையாது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியில் நீளமாக ஒரு பட்டை வெட்டி, அதன் மேல் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நகமளவு துண்டை இடைவெளி விட்டு வையுங்கள். கடைசியில் அதே ஜன்னல் கண்ணாடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. இதை மறந்துவிடாதீர்கள், சோதனையின் உயிரே அதுதான். முழுதாக உருக்கி, ஒழுங்காக அனீல் செய்யுங்கள். ஆறியதும் லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு, திரை கறுப்பாகும் வரை தலையைச் சாயுங்கள். இப்போது பட்டையைத் திரைக்கும் கண்ணுக்கும் நடுவில் பிடியுங்கள். எந்தத் துண்டைச் சுற்றி வெளிச்சம் வளையமாகத் தெரிகிறதோ அங்கே இழுவை இருக்கிறது. ஜன்னல் துண்டைச் சுற்றியும் வெளிச்சம் தெரிந்தால் குற்றவாளி உங்கள் அனீலிங்.

பாட்டில்பித்தன்:
நடுவில் ஒரு சந்தேகம். இரண்டு பச்சை பாட்டில்களை உடைத்துச் சேர்த்து உருக்கலாமா? நிறம் ஒன்றேதான்.

நீலத்துளி:
வேண்டாம். நிறத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே பாட்டிலின் துண்டுகள் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

சூளைக்காரன்:
மங்கலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேல்பரப்பில் கண்ணாடி படிகமாகத் தொடங்குவதால் வருவது அது. இந்தத் தொழிலில் டிவிட் என்பார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு இந்த வியாதி அதிகம். 700-லிருந்து 800 வரைக்கும் உள்ள இடத்தில் தேங்காமல் ஏறி, இறங்கும்போதும் அதை வேகமாகக் கடக்க வேண்டும். கைரேகை, கட்டர் எண்ணெய் எது இருந்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும், அதனால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு அடுக்குங்கள். நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் கிடைக்கும். அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, மேலே பிரஷ்ஷால் மெல்லிசாக ஒரு கை பூசினால் பளபளப்பு நிற்கும். அந்தப் பக்கத்தில் சாப்பாடு மட்டும் வைக்காதீர்கள்.

சூளைத் தட்டில் மண் வேலைக்காரர்கள் சிந்திய கிளேஸ் (பளபளப்புப் பூச்சு) இருந்தால் கண்ணாடி அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உளி வைத்துப் பெயர்க்க வேண்டியதுதான். கண்ணாடி ஒட்டாமல் தடுக்கும் கில்ன் வாஷ் என்ற பூச்சைத் தட்டில் பூசி, முழுக்கக் காயவிட்டு வையுங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது மாஸ்க் கட்டாயம். சாதாரணத் துணி மாஸ்க் போதாது, என்95 போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது.

பச்சைவளையல்:
சோதனை முடிந்தது. அக்கா சொன்னது அப்படியே! சிவப்பைச் சுற்றி டியூப் லைட் போட்ட மாதிரி வெள்ளை வெளிச்சம். பச்சையின் இரண்டு முனையில் லேசாக. நீலத்தில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஜன்னல் துண்டு இருக்கும் இடமே தெரியவில்லை. அப்படியென்றால் வளையலை மறந்துவிட வேண்டியதுதானா? வெளிநாட்டுக் கண்ணாடி வாங்கும் அளவுக்கு இப்போதைக்குக் கையில் காசில்லை.

நீலத்துளி:
அனீலிங் சரியாகச் செய்கிறீர்கள் என்பதும் இதில் உறுதியாகிவிட்டது. பழகும் காலத்தில் இறக்குமதிக் கண்ணாடி எதற்கு? ஒரே ஷீட்டிலிருந்து வெட்டிய ஜன்னல் கண்ணாடியிலேயே எவ்வளவோ செய்யலாம். கடைக்காரரிடம் கேட்டு, டஃபன்ட் கண்ணாடி (சூடாக்கி உறுதியாக்கியது) கலக்காமல் வாங்குங்கள். அது கட்டருக்கு மடங்காது, பொடிப்பொடியாக உதிரும்.

நிறத்துக்குச் செம்பு இருக்கிறது. கைவினைக் கடையில் கிடைக்கும் மெல்லிய செம்புத் தாளை இலை, மீன் என்று கத்தரித்து, இரண்டு அடுக்குக்கும் நடுவில் வையுங்கள். செம்பு கண்ணாடியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஆனாலும் தாள் அவ்வளவு மெல்லிசாக இருப்பதால் இழுத்த இழுப்புக்கு வளைந்து கொடுத்துவிடும். தடித்த தகடு வைத்தால் மறுபடியும் ‘டிக்’தான். உருகி வரும்போது செம்பு பளபளப்பு போய்க் கருஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஆகும், காற்று எவ்வளவு பட்டது என்பதைப் பொறுத்து. எனக்கு அந்தப் பழுப்புதான் பிடிக்கும்.

வளையலையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே கொத்திலிருந்து எடுத்த ஒரே நிற வளையலை மட்டும் பொடித்து, சின்னக் குவியலாக வைத்து உருக்கினால் உருண்டையான கல் கிடைக்கும், கம்மலுக்கு நன்றாயிருக்கும். ஜிகினாவும் பொன்பூச்சும் உள்ளதை விலக்கிவிடுங்கள், பூச்சு கருகிப் புகையும்.

பச்சைவளையல்:
வெங்காரம் வாங்கியாயிற்று. தோழியிடம் செம்புத் தாளும் கொஞ்சம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை மீன்தான். தாளைச் சுற்றிக் குமிழ் வந்தால் திரும்பவும் தொல்லை கொடுப்பேன் அக்கா.

நீலத்துளி:
குமிழ் வரத்தான் செய்யும். தாளைச் சுருக்கம் இல்லாமல் ஸ்பூன் முதுகால் தேய்த்து வையுங்கள். ஏறும்போது 680-ல் அரை மணி நேரம் நிறுத்தினால் உள்ளே இருக்கும் காற்று ஓரம் வழியாக வெளியேறும். மூலையில் தாள் எட்டிப் பார்க்காமல் அரை அங்குலம் உள்ளே தள்ளியே வையுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு கண்ணாடியும் ஒட்டாது.