மேஜிக் கார்டு விளையாட்டு, நீலம்-கருப்பு கன்ட்ரோல் (எதிராளியைத் தடுத்து ஆடுற) டெக்: சிவப்பு டெக் 5வது டர்ன்லயே முடிச்சிடுது, எங்க தப்பு?

காட்பாடி_தீவு:
காந்தி நகர்ல மேஜிக்: த கேதரிங் ஆடுறோம். பாப்பர், அதாவது காமன் (சாதாரண ரக) கார்டு மட்டும். என் 60 கார்டு டெக்: லேண்ட் (மனா, அதாவது கார்டு ஆடுற சக்தி தர்றது) 20 (8 டேப் ஆகி வரும், அந்த டர்ன்ல மனா தராது), கவுன்ட்டர் (எதிராளி ஆடுற கார்டை ரத்து பண்றது) 14, ரிமூவல் (தரையில இறங்கின கிரியேச்சரை அழிக்கிறது) 6, கிரியேச்சர் (சண்டை போடுற உயிரினம்) 12, டிரா (கூடுதல் கார்டு எடுக்கிறது) 8. கை நிறைய கவுன்ட்டர் இருந்தும் அடி விழுது. லேண்டும் மூணோட நின்னுடுது. கிரியேச்சரைக் கூட்டணுமா?

சத்துவாச்சாரி_நீலம்:
குறைங்க தம்பி. 12 எதுக்கு? ஜெயிக்க 4 போதும்.

லேண்ட் நிக்கிறது கணக்குதான். முதல்ல ஆடுனா 4வது டர்ன்ல 10 கார்டு பார்த்திருப்பீங்க. 60க்கு 20ன்னா சராசரி 3.3 லேண்ட். லேண்டை 22 ஆக்கி, கூட 4 லோரியன் ரிவீல்ட் போடுங்க. ஆரம்பத்துல 1 மனாவுக்கு அதைத் தள்ளிட்டு டெக்குல இருந்து ஐலண்ட் (நீல மனா தர்ற லேண்ட்) எடுத்துக்கலாம், பின்னாடி 5 மனாவுக்கு 3 கார்டு. சராசரி 4.3க்கு வந்துடும்.

கவுன்ட்டர்ஸ்பெல்லுக்கு ரெண்டு நீல மனா வேணும். எதிராளி முதல் டர்ன்ல 1 மனா கிரியேச்சர் இறக்கிட்டா அது ஏற்கனவே தரையில. கவுன்ட்டர் அதைத் தொடாது. அதுக்கு ரிமூவல்தான். என் கணக்கு:

லேண்ட்: ஐலண்ட் 10, ஸ்வாம்ப் (கருப்பு மனா தர்ற லேண்ட்) 5, டிஸ்மல் பேக்வாட்டர் 4, எவால்விங் வைல்ட்ஸ் 3
லோரியன் ரிவீல்ட் 4
கவுன்ட்டர்: கவுன்ட்டர்ஸ்பெல் 4, ப்ரோஹிபிட் 2
ரிமூவல்: காஸ்ட் டவுன் 4, டிஸ்ஃபிகர் 4, செய்னர்ஸ் ஈடிக்ட் 2, ஸ்னஃப் அவுட் 2
கிரிப்ட் ரேட்ஸ் 2
டிரா: பிரெய்ன்ஸ்டார்ம் 4, ப்ரீஆர்டெயின் 4, டீப் அனாலிசிஸ் 2
ஜெயிக்க: குர்மாக் ஆங்லர் 2, மர்மரிங் மிஸ்டிக் 2

கிரிப்ட் ரேட்ஸ் எல்லா கிரியேச்சரையும் அடிக்கும்; எவ்வளவு அடின்னு நாமளே வைக்கிற அந்த எக்ஸுக்குக் கருப்பு மனா மட்டும்தான் செல்லும், அதான் ரெண்டோட நிறுத்திட்டேன். அது உங்களையும் அடிக்கும், உயிரைப் பார்த்து ஆடுங்க.

காட்பாடி_தீவு:
நன்றிண்ணா. பிரெய்ன்ஸ்டார்ம் முதல் டர்ன்லயே ஆடலாமா? ஸ்னஃப் அவுட் ஏன் ரெண்டுதான்?

குடியாத்தம்_சதுப்பு:
முதல் டர்ன்ல ஆடவே ஆடாதீங்க. மூணு எடுத்து ரெண்டைத் திரும்ப மேல வைக்கணும். டெக்கைக் கலைக்க வழி இல்லன்னா அதே ரெண்டு குப்பைதான் அடுத்த ரெண்டு டர்னும் வரும். எவால்விங் வைல்ட்ஸோ, தள்ளிவிட லோரியனோ கைவசம் இருக்கும்போது ஆடுங்க. டெக்குல தேடி லேண்ட் எடுக்கும்போது டெக் கலைஞ்சிடும்.

ஸ்னஃப் அவுட்டை 4 உயிர் கொடுத்து ஓசியில ஆட தரையில ஸ்வாம்ப் இருக்கணும். டிஸ்மல் பேக்வாட்டர் கருப்பு மனா தந்தாலும் ஸ்வாம்ப் ஆகாது. சிவப்பு டெக்குக்கு 4 உயிரைச் சும்மா தூக்கிக் கொடுக்கிறது மடத்தனம்; ரெண்டாவது ஆட்டத்துல அந்த ரெண்டையும், டீப் அனாலிசிஸ் ரெண்டையும் (அதோட ஃபிளாஷ்பேக்கும், அதாவது ஆடி முடிச்ச கார்டை இன்னொரு தடவை ஆடுறதும், 3 உயிர் தின்னும்) எடுத்துட்டு சைடுபோர்டுல (ஆட்டத்துக்கு நடுவுல மாத்திக்கிற உபரி கார்டுகள்ல) இருந்து ஹைட்ரோபிளாஸ்ட் 4 உள்ள விடுங்க. 1 மனாதான், சிவப்பு ஸ்பெல்லைக் கவுன்ட்டரும் பண்ணும், தரையில இருக்கிற சிவப்பு கிரியேச்சரையும் அழிக்கும்.

சத்துவாச்சாரி_நீலம்:
ஃபாயில் (பளபளப்பான) கார்டு கலக்காதீங்க. கத்திரி வெயில்ல வளையும். ஸ்லீவ்ல (பிளாஸ்டிக் உறையில) போட்டாலும் டெக்குல தனியாத் தெரியும், அது குறி வெச்ச கார்டு கணக்குல வந்துடும். கார்டு வாங்குறதுக்கு முன்னாடி ஜெராக்ஸ் எடுத்து, 63க்கு 88 மில்லிமீட்டர்ல வெட்டி, ஸ்லீவுக்குள்ள பழைய கார்டுக்கு முன்னாடி சொருகி ஒரு மாசம் ஆடிப் பாருங்க. ஆற்காடு ரோட்டுல ஜெராக்ஸ் கடைக்கா பஞ்சம்? அதிகாரப்பூர்வ போட்டிக்கு மட்டும் அசல் கார்டு வேணும்.