எல்லோரும் ஒரேயடியாகப் படுத்தால் அடுப்பு மூட்டுவது யார்?

மஸ்கெலியாக்காரன்:
பெருந்தொற்று வந்தால் எங்கள் தேயிலைத் தோட்ட டிவிசனில் என்ன செய்வதென்று திட்டம் எழுதுகிறோம். 1918 இன்ஃபுளுவென்சா காய்ச்சலில் கனடா வடக்கிலே இனுயிட் பழங்குடி ஊர்கள் அழிந்தனவாம். ஆள் நடமாட்டமே இல்லாத பனிக்காட்டில் ஏன் அவ்வளவு சாவு? வரிசையாக ஒட்டிய வீடுகளான நம் லயத்துக்கு அதில் பாடம் உண்டா?

பனிமலை:
ஊர்தான் தனி; வீட்டுக்குள்ளே நெருக்கம். கனடாவின் லாப்ரடார் கரைக்கு வந்த 'ஹார்மனி' என்ற கிறித்தவ மிஷன் கப்பல் சரக்கோடு நோயையும் இறக்கியது. அந்தக் கரையின் ஒகாக் ஊரில் சுமார் 260 பேரில் 200க்கு மேல் இறந்தார்கள். அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற ஊரில் 80 பேரில் 72 பேர், ஐந்தே நாளில். வைரஸ் மட்டும் செய்த வேலையல்ல இது. பெரியவர்கள் எல்லாரும் ஒன்றாகப் படுத்துவிட்டார்கள். விறகு வெட்டவோ, பனியை உருக்கித் தண்ணீர் எடுக்கவோ, வேட்டைக்குப் போகவோ ஆளில்லை. காய்ச்சலுக்குத் தப்பியவர்களைக் குளிரும் பசியும் கொண்டுபோயின.

கொட்டகலை வாசகி:
2020 கொரோனாவில் கனடாவின் வடக்குப் பிரதேசமான நுனாவுட் வேறு மாதிரி செய்தது, அண்ணே. அங்கே 25 ஊர், ஒன்றுக்கொன்று ரோடே கிடையாது, விமானம்தான். திரும்பி வருகிறவர்கள் ஒட்டாவா, வினிபெக் போன்ற நகரத்து ஹோட்டலில் 14 நாள் இருந்துவிட்டுத்தான் விமானம் ஏற முடிந்தது. நவம்பர் வரை ஒரு தொற்றும் பதிவாகவில்லை. உள்ளே நுழைந்த பிறகோ, வீடு போதாத அர்வியாட் ஊரில் வேகமாகப் பரவியது. நமக்கு பஸ் ஓடுகிறது, கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் தீபாவளிக்கு வருவார்கள். வாசலை மட்டும் நம்ப முடியாது.

பீலிக்கரை:
அதனால் கவனிக்கிற ஆளை முதலில் எழுதுங்கள். ஆறு வீட்டுக்கு இரண்டு பேர், இருவரும் வேறு லயத்தவராக இருக்கட்டும். ஒரே லயத்தார் தண்ணீர் பிடிப்பது ஒரே பீலி, ஒரே வாசல், சேர்ந்தே படுப்பார்கள். காலையும் மாலையும் தண்ணீர், விறகு, கஞ்சி கதவடியில் வைத்து, ஆளைக் கூப்பிட்டுக் குரல் கேட்க வேண்டும். நோயாளியை லயத்து ஒற்றை அறையான காம்பராவுக்குள்ளேயே ஒதுக்குவது நடக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவையோ பாடசாலை மண்டபத்தையோ கேட்டு, சுகாதார வைத்திய அதிகாரியான எம்.ஓ.எச்.சிடம் இப்போதே பேசி வையுங்கள்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் ஒரு கவனம். மலைக்குளிரில் விரல் விறைத்திருந்தால் அளவு தவறாகக் குறைந்து காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைக்கும்வரை ஒரு நிமிடம் பாருங்கள். அப்போதும் 94 சதவீதத்துக்குக் கீழே என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மஸ்கெலியாக்காரன்:
ராத்திரி வாகனத்துக்கு?

பீலிக்கரை:
ஒரு டிரைவர் போதாது. அவரும் படுத்துவிடலாம். மூன்று பேரின் நம்பரை டிஸ்பென்சரிக் கதவிலும் தலைவர் வீட்டிலும் ஒட்டுங்கள்.