குதிரைகளுக்குப் பல் பார்க்கும் நாளில் லாய வேலைகளை எப்படி ஒழுங்கு செய்வது?

கேள்வி

வணக்கம். என் பராமரிப்பில் 12 வயதுள்ள காயடித்த ஆண் குதிரை ஒன்றும், 24 வயதைக் கடந்த பெட்டைக் குதிரை ஒன்றும் இருக்கின்றன. கால்நடை மருத்துவர் வரும் வாரம் இரண்டுக்கும் பல் பார்க்க வருகிறார். லேசான மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து நிறுத்தும் கருவியை மாட்டி, தேவைப்பட்டால் பற்களை அரத்தால் ராவிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

விடிந்ததும் உலர்புல் போடுவது, இலத்தியையும் நனைந்த படுக்கையையும் அள்ளுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது, குளம்புகளைச் சுரண்டுவது, உடம்பைத் தேய்த்துவிட்டு மேய்ச்சலுக்கு அவிழ்ப்பது, மாலையில் ஆண் குதிரையில் சிறிது தூரம் சவாரி செய்வது என்பது எங்கள் அன்றாட ஒழுங்கு. அன்றைக்கு மட்டும் இவற்றில் எதை முன்கூட்டியே முடிக்க வேண்டும், எதைத் தள்ளிப்போட வேண்டும்?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஆண் குதிரை போட்டதை மிச்சமில்லாமல் தின்கிறது, உடம்பும் இளைக்கவில்லை. அதற்கும் பல் ராவுவது அவசியம்தானா? பெட்டையின் தீனித்தொட்டிக்குக் கீழே அவ்வப்போது ஈரமான புல் உருண்டைகள் கிடக்கின்றன. வயதானால் அப்படித்தான் என்று வேலையாள் அவற்றைக் கூட்டித் தள்ளிவிடுகிறார். அதைப் பொருட்படுத்த வேண்டுமா?

பதில் 1

லாயம் நடத்துபவன் என்ற முறையில் வேலை ஒழுங்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதை மருத்துவம் படித்தவர்கள் சொல்லட்டும்.

காலைத் தீனியை வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகப் போட்டு, மருத்துவர் வருவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். கன்னத்துக்குள் அரைகுறையாக மென்ற புல் அடைந்து கிடந்தால் அதைக் கழுவி எடுப்பதிலேயே அவருடைய நேரம் போய்விடும். எவ்வளவு நேரம் முன்பு நிறுத்த வேண்டும் என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் வேறுபாடு உண்டு என்பதால் முந்தைய நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. இலத்தி அள்ளுவதையும் படுக்கை மாற்றுவதையும் அதற்குள் முடித்துவிடுங்கள். மருத்துவர் வந்த பிறகு பக்கத்தில் தள்ளுவண்டி உருட்டும் சத்தமே இருக்கக் கூடாது. ஊசி போட்டபின் சுற்றிலும் அமைதியாக இருந்தால்தான் மருந்து சரியாகப் பிடிக்கும். பரபரப்போடு இருக்கும் குதிரைக்கு அதே அளவு மருந்து போதாமல் போவதை நீங்களே பார்ப்பீர்கள்.

இடத்தையும் யோசித்து வையுங்கள். தரை வழுக்காமலும் சமமாகவும் இருக்க வேண்டும். வெயில் நேராக அடிக்காத, அரையிருட்டான மூலையாக இருந்தால் மருத்துவர் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் வாய்க்குள் தெளிவாகப் பார்க்கலாம். தலையைத் தாங்கும் முட்டு அவரிடம் இருக்கிறதா, இல்லாவிட்டால் கயிறு கட்ட உறுதியான உத்தரம் வேண்டுமா என்பதையும் கேளுங்கள். ஒரு வாளி சுத்தமான தண்ணீர் போதும். மயங்கி நிற்கும் குதிரை உதைக்காது என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும் அதே குதிரை, பின்னால் எதுவோ உரசினால் குறிபார்த்து உதைக்கும்.

வேலை முடிந்ததும் தீனி எதுவும் இல்லாத கொட்டடியில் விடுங்கள். கண் தெளிந்து, தலை நிமிர்ந்து, நடை தடுமாறாமல் வரும் வரை, அதாவது பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு, ஒரு வாய்ப் புல்கூடக் கூடாது. அரைமயக்கத்தில் விழுங்கும் திறன் குறைந்திருப்பதால் தீனி உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். படுக்கையாக வைக்கோல் பரப்பியிருந்தால் குதிரை அதையே கடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அன்றைக்கு மரத்தூள் படுக்கை நல்லது. அந்த மருந்துகளால் சிறுநீர் அதிகம் போகும். சாயங்காலம் படுக்கையை இன்னொரு முறை மாற்றத் தயாராக இருங்கள். சவாரியை மறுநாளுக்குத் தள்ளிவிடுங்கள். குளம்பு சுரண்டுவதைக் காலையிலேயே முடிப்பது நல்லது. தள்ளாடி நிற்கும் குதிரையின் காலைத் தூக்குவது உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து.

பதில் 2

நான் கால்நடை மருத்துவம் பார்ப்பவன். பெட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். அந்த ஈர உருண்டைகளை வயதின் மேல் பழிபோட்டு ஒதுக்கக் கூடாது. புல்லை மெல்லத் தொடங்கி, வலியினாலோ அரைக்க முடியாமலோ வெளியே தள்ளிவிடுகிறது என்று பொருள். பல் விழுந்த இடம், ஆடும் பல், இரண்டு பற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு அதில் தீனி அடைந்து ஈறு புண்ணாகியிருப்பது, அலைபோல் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்துபோன கடைவாய்ப் பல் வரிசை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ காரணமாக இருக்கலாம். வேலையாளிடம் சொல்லி, மருத்துவர் வரும் வரை கிடைக்கும் உருண்டைகளைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எந்தத் தீனியின்போது விழுகின்றன, ஒரு பக்கமாகவே தலையைச் சாய்த்து மெல்லுகிறதா, வாயில் கெட்ட வாடை வருகிறதா, ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் நாற்றமுள்ள சளி வடிகிறதா என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள். மேல்தாடையின் பின்பக்கக் கடைவாய்ப் பற்களின் வேர்கள் முகத்து எலும்புக் குழிகளை ஒட்டி இருப்பதால், வேரில் சீழ் பிடித்தால் அது மூக்கு வழியாகவே வெளிப்படும்.

இலத்தி அள்ளும் வேலையைச் சலிப்பான வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் பல் சோதனையில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஒரு பந்தை எடுத்து உடைத்துப் பாருங்கள். நன்றாக மென்ற குதிரையின் இலத்தியில் நார்கள் பொடிப்பொடியாக இருக்கும். ஒரு விரற்கடைக்கு மேல் நீளமான தண்டுகளும் முழுத் தானியங்களும் நிறைய தெரிந்தால் அரவை சரியில்லை.

இனி ஆண் குதிரை. குதிரையின் கடைவாய்ப் பல் நம் பல்லைப் போல ஒருமுறை முளைத்து நின்றுவிடுவதல்ல. தாடைக்குள் நீண்டு புதைந்திருக்கும் பல், ஆண்டுக்குச் சுமார் 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை மேலே வந்துகொண்டே இருக்கும். மெல்லும்போது அதே அளவு தேயும். கீழ்த்தாடையைவிட மேல்தாடை அகலமாக இருப்பதால், குதிரை பக்கவாட்டில் அரைக்கும்போது மேல்வரிசையின் வெளி ஓரமும் கீழ்வரிசையின் உள் ஓரமும் தேயாமல் தங்கி, கத்தி முனைபோல் கூராகிவிடுகின்றன. மேல் முனைகள் கன்னத்தையும் கீழ் முனைகள் நாக்கையும் கிழிக்கும். நாள் முழுக்க மேயும் குதிரையைவிட, தானியம் அதிகமாகத் தின்று கட்டிக் கிடக்கும் குதிரைக்கு இது கூடுதலாக வரும். தானியத்தை மெல்லும்போது தாடை அவ்வளவு அகலமாக அசைவதில்லை.

வலி இருந்தும் மிச்சமில்லாமல் தின்னும் குதிரைகள் ஏராளம். பசியை அடக்குவதைவிட வலியைப் பொறுத்துக்கொள்வது அதற்கு எளிது. கடிவாளத்தை இழுக்கும்போது தலையை உதறுவது, ஒரு பக்கம் திரும்ப மறுப்பது போன்றவற்றை முரட்டுத்தனம் என்று தண்டிப்பவர்கள், அதற்கு முன் ஒருமுறை வாயைத் திறந்து பார்க்கச் சொன்னால் நல்லது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சோதனை கட்டாயம் வேண்டும். ராவுவது கட்டாயம் அல்ல, பார்த்த பிறகு எடுக்கும் முடிவு. பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் வரும் இரண்டரை முதல் ஐந்து வயது வரையிலும், உங்கள் பெட்டையைப் போல முதுமை எய்திய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது பொருத்தம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. உருண்டைகளை இன்று முதல் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். மோட்டாரில் சுழலும் அரம் பல்லைக் கெடுத்துவிடும், கையால் ராவுவதே பாதுகாப்பு என்று ஒருவர் கூறினார். அது உண்மையா? பெட்டைக்கு அதுவரை என்ன தீனி கொடுப்பது?

பதில் 2 எழுதியவர்

கருவியைவிடக் கைதான் முக்கியம். மோட்டார் அரத்தை ஒரே பல்லில் நீண்ட நேரம் அழுத்தி வைத்தால் சூடேறி, உள்ளிருக்கும் உயிர்ச்சதை பாதிக்கப்படும் என்பது உண்மை. பயிற்சி உள்ளவர் பல்லுக்குப் பல் மாறி மாறி, தண்ணீர் விட்டுக் குளிரவைத்துச் செய்வார். கையரத்தால் தவறு செய்யவே முடியாது என்பதும் இல்லை. பல்லின் மேற்பரப்பைப் பளிங்குபோல் வழுவழுப்பாக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தாதீர்கள். எனாமலும் அதைவிட மென்மையான பகுதிகளும் வெவ்வேறு வேகத்தில் தேய்வதால் உண்டாகும் மேடுபள்ளங்கள்தான் புல்லை அரைக்கின்றன. அவற்றை மழித்துவிட்டால் குதிரைக்கு மெல்லவே முடியாது. கூர்முனைகளை மட்டும் மழுக்கினால் போதும்.

பெட்டைக்குப் பொடியாக நறுக்கிய புல்லையோ, புல்லிலிருந்து செய்த குச்சித் தீவனத்தையோ தண்ணீரில் நன்கு ஊறவைத்துக் கஞ்சிப் பதத்தில் கொடுங்கள். பழைய தீனியை ஒரே நாளில் மாற்றாமல் சிறிது சிறிதாக மாற்றுங்கள். திடீர் மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். தின்னும்போது கழுத்தை நீட்டி இருமி, இரு மூக்குத் துவாரங்களிலும் நுரையும் தீனியுமாக வழிந்தால் அது உணவுக்குழாய் அடைப்பு. தீனியை உடனே எடுத்துவிட்டு, பல் பார்க்கும் நாளுக்குக் காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

பதில் 3

மேலே சொன்னவற்றோடு ஒன்று சேர்க்கிறேன். தீனித்தொட்டியை உயரத்தில் மாட்டியிருந்தால் தரைமட்டத்துக்கு இறக்கிவிடுங்கள். தலை தாழ்ந்திருக்கும்போது கீழ்த்தாடை சற்று முன்னால் சரிவதால் மேல்வரிசையும் கீழ்வரிசையும் இயல்பாகப் பொருந்தி மெல்லும். மூக்கில் புல்தூசி ஏறுவதும் குறையும். தரையில் போட்டால் புல் வீணாகிறது என்பவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. கனமான ரப்பர் தட்டு ஒன்றை வைத்துவிட்டால் வீணாவது மிகக் குறைவு. அந்தத் தட்டைச் சுற்றித் தினமும் கூட்டுவதால், எந்தக் குதிரை எதைத் துப்புகிறது என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

பதில் 1 எழுதியவர்

ஒன்று விட்டுப்போயிற்று. பெட்டையை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குத்தான் நேரம் அதிகமாகும். முதிய குதிரைக்கு மயக்கம் தெளியவும் தாமதமாகலாம். ஆண் குதிரையைக் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் கட்டி வையுங்கள், தனியே விடப்பட்ட குதிரை கனைத்துக்கொண்டே இருந்தால் மற்றது அமைதியாக நிற்காது. இரண்டுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி எப்போது போட்டது என்ற குறிப்பேட்டையும் கையில் வைத்திருங்கள். பல் பிடுங்க நேர்ந்தால் முதலில் கேட்பது அதைத்தான்.