மறு: ‘கான்ஃபிகரேஷன்’ தமிழில் – அமைப்பா, பூட்டமைவா?

அனைவருக்கும் வணக்கம்.

> ஈரோட்டு அக்கா எழுதியது: கான்ஃபிகரேஷன், செட்டிங் இரண்டுக்கும் ‘அமைப்பு’ என்றே போட்டுவிடலாமே. கைபேசியில் எல்லோருக்கும் பழகிய சொல்தானே?

பழகிய சொல்தான் அக்கா. ஆனால் சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கு ரேடியோ சிக்னலை உண்டாக்கும் கருவி) கையேட்டைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது அது போதவில்லை. சிஸ்டமும் அமைப்பு, கான்ஃபிகரேஷனும் அமைப்பு, செட்டிங்கும் அமைப்பு. மூன்றும் ஒரே வரியில் வந்தால் படிப்பவர் எதைத் தொடுவார்?

சொல்லழகுக்காக இதைக் கேட்கவில்லை. கோவையில் மாணவர்களுக்கு நடத்திய பயிற்சியில் என் கையேட்டின் முதல் வரி, ‘அனுப்பும் முன் அமைப்பைச் சரிபார்க்கவும்’. ஒரு தம்பி திரையில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தான். அதிர்வெண் 144.5 மெகாஹெர்ட்ஸ், மாதிரி வீதம் (சாம்பிள் ரேட்) நொடிக்கு 20 லட்சம், பெருக்கம் (கெயின்), பண்பேற்றம் (மாடுலேஷன்), எல்லாம் சரி. அப்புறம் அனுப்பும் கருவியையும் வாங்கும் கருவியையும் ஒரே கேபிளில் நேராக இணைத்து ஓடவிட்டான். நடுவில் இருக்க வேண்டிய 30 டெசிபெல் தணிப்பி, அதாவது சிக்னலின் வலுவைக் குறைக்கும் துண்டு, மேசை மேலேயே கிடந்தது. வாங்கும் கருவியின் முன்பெருக்கி போய்விட்டது. அவன் மேல் ஒரு பிழையும் இல்லை. கேபிளைப் பார் என்று என் வரி சொல்லவேயில்லை.

கணக்கைப் பாருங்கள். வகுப்பில் வைத்திருக்கும் ஹேக்ஆர்எஃப் ஒன் என்ற ரேடியோ கருவி அனுப்பவும் செய்யும், வாங்கவும் செய்யும். இந்த அதிர்வெண் பகுதியில் அது 5 முதல் 15 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுத் திறனைச் சொல்லும் அளவு) வரை வெளியிடும். வாங்கும்போது அதனால் தாங்க முடிவது −5 டிபிஎம் மட்டுமே. 10 டிபிஎம் என்றால் 10 மில்லிவாட். −5 டிபிஎம் என்பது ஏறத்தாழ 0.3 மில்லிவாட். 30 டெசிபெல் தணிப்பி அந்த 10 மில்லிவாட்டை ஆயிரத்தில் ஒரு பங்காக்கி 0.01க்கு இறக்கிவிடும். திரையில் எந்த எண்ணை மாற்றினாலும் இந்தக் காப்புக்கு ஈடாகாது. (ஆண்டெனா மாட்டி 144 மெகாஹெர்ட்சில் அனுப்ப அமெச்சூர் உரிமம் வேண்டும். அதனால்தான் வகுப்பில் எல்லாம் கேபிள் வழியே.)

ஆக, நமக்கு வேண்டியது இரண்டு சொற்கள். கையால் மாட்டுவதற்கு ஒன்று, திரையில் வைப்பதற்கு ஒன்று.

முதலாவதற்கு ‘பூட்டமைவு’ என்று முன்வைக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் விடியற்காலையில் ‘வண்டி பூட்டியாச்சுங்களா?’ என்று கேட்பார்கள். மாடு, நுகத்தடி, பூட்டாங்கயிறு எல்லாம் அதனதன் இடத்தில் சேர்ந்து, வண்டி கிளம்பத் தயாராக இருக்கிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. ஏர் பூட்டுவதும் அப்படித்தான். கருவி, தணிப்பி, கேபிள், ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் சுமை இவற்றை வரிசையாகச் சேர்ப்பதும் அதே வேலை. எதிர்ச்சொல்லும் கையிலேயே இருக்கிறது: வண்டியை அவிழ்ப்பது.

இரண்டாவதற்கு ‘வைப்பளவு’. ஃபேனை மூன்றில் வை என்கிறோம், அதிர்வெண்ணை 144.5இல் வை என்கிறோம். வெறும் ‘வைப்பு’ என்றால் வங்கி நினைவு வரும், வீட்டில் சொல்லக் கூசும் பொருளும் வரும். அதனால் அளவு சேர்த்தேன்.

– கோவையிலிருந்து

* * *

> பூட்டமைவு, வைப்பளவு

தம்பி, தணிப்பி கதையைப் படித்த பிறகு ‘அமைப்பு’ என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனால் இரண்டு கேள்விகள்.

ஒன்று, எஃப்எம், ஏஎம் என்று பண்பேற்றத்தைத் தேர்ந்தெடுக்கிறோமே, அது அளவா? இல்லையே. ‘வைப்புநிலை’ என்றால் எண்ணுக்கும் பொருந்தும், தேர்வுக்கும் பொருந்தும்.

இரண்டு, 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ், அதாவது கருவி தன் அதிர்வெண்ணைச் சரியாக வைத்துக்கொள்ள வெளியிலிருந்து வாங்கும் துல்லியமான துடிப்பு. கேபிளைப் பின்பக்கம் செருகவும் வேண்டும், பல கருவிகளில் மெனுவில் ‘வெளியிலிருந்து’ என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டும். இது எந்தப் பக்கம்?

– ஈரோட்டிலிருந்து

* * *

நானும் ஒன்று கேட்கிறேன். பிஎல்எல் (கருவியின் அதிர்வெண்ணை ரெஃபரன்ஸோடு ஒட்டியே ஓடவைக்கும் சுற்று) ‘லாக்’ ஆவதை நம்மில் பலர் பூட்டு என்றுதான் எழுதுகிறோம். ‘பூட்டமைவு பூட்டவில்லை’ என்று ஒரு வரி வந்தால் என்ன செய்வது?

– பொள்ளாச்சியிலிருந்து

* * *

வைப்புநிலை என்பதே சரி அக்கா, மாற்றிக்கொள்கிறேன்.

ரெஃபரன்ஸ் இரண்டு பக்கமும் வரட்டும். கேபிள் பூட்டமைவில், மெனுத் தேர்வு வைப்புநிலையில். ஒன்று விட்டுப்போனாலும் பல கருவிகள் உள்ளே இருக்கும் படிகத்தை (கிறிஸ்டல்) நம்பியே ஓடும். அது பத்து லட்சத்தில் 20 பங்கு விலகும் படிகம் என்றால் 144 மெகாஹெர்ட்சில் 2,880 ஹெர்ட்ஸ் வரை தள்ளிப்போகும். இரண்டு இடத்தில் பார்க்கச் சொல்லும் கையேடே நல்லது.

பொள்ளாச்சி அண்ணன் சொல்வது உண்மையான சிக்கல். பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டு மட்டுமே நினைவுக்கு வரும் என்பதை நான் ஏற்கவில்லை. நம் கல்யாணங்களில் திருப்பூட்டு என்று சொல்கிறோம். ஆனால் ஒரே கையேட்டில் இரண்டு பொருள் கூடாது. பிஎல்எல் பூட்டுவதில்லை, ஓடுகிற துடிப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறது. அதை ‘கட்டப் பிடிப்பு’ என்போம் (கட்டம் என்றால் ஃபேஸ்). பிடித்தது, பிடிக்கவில்லை, பிடி விட்டது என்று வினையும் இயல்பாக வருகிறது.

கையேட்டின் முதல் பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘பூட்டமைவு: கருவி அணைந்திருக்கும்போதே கேபிள், 30 டெசிபெல் தணிப்பி, ரெஃபரன்ஸ் கேபிள் மூன்றையும் கையால் தொட்டுப் பார்க்கவும். வைப்புநிலை: கருவியை இயக்கி, பெருக்கத்தை 0இல் வைத்து, அதிர்வெண், மாதிரி வீதம், பண்பேற்றம், ரெஃபரன்ஸ் தேர்வு ஆகியவற்றைத் திரையில் பார்க்கவும். கட்டப் பிடிப்பு கிடைத்த பிறகே அனுப்பவும்.’

ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள், அந்தத் தம்பியை இதை ஒருமுறை படிக்கவைத்து, எங்கே தடுமாறுகிறான் என்று எனக்கு எழுதுங்கள்.