ஒரு பாக வானம்: பிலிப்பைன்ஸ் கவிஞர்களை நாம் எதிர்கொண்ட கதைகள்

கப்பல்காரன், தூத்துக்குடி:
கப்பலில் எனக்கு எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு வரை வாட்ச், அதாவது காவல் முறை. கடலைக் கண்காணிக்க என்னோடு நின்றவர் பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் பக்கத்து மாலுமி, ஐம்பது தாண்டியவர். 'குயா' என்றுதான் கூப்பிடுவேன், நம் 'அண்ணே' மாதிரி. நடுக்கடலில் ஓர் இரவு, இருட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே ஏதோ சொல்ல ஆரம்பித்தார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. ஆறு அசை, ஒரு சின்ன நிறுத்தம், மறுபடி ஆறு அசை. நாலு அடிக்கும் ஒரே இயைபு. தகாலோக் மொழிக் கவிஞர் பிரான்சிஸ்கோ பலக்தாஸின் கதைக் கவிதை 'ஃபுளோராந்தே அத் லாவ்ரா', 1838-ல் வந்தது. பள்ளியில் மனப்பாடம் செய்தாராம்.

கதை அல்பேனியாவில் நடக்கிறது. அப்போது பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானியர்களின் தணிக்கைக்கு அது எங்கோ இருக்கும் நாடு. கொடுங்கோலன் பிடியில் கிடக்கும் அந்த நாடு தங்கள் ஊர்தான் என்று படித்தவர்கள் புரிந்துகொண்டார்கள். பலக்தாஸ் காதலில் தோற்று, எதிராளியின் செல்வாக்கால் சிறைக்கும் போனவர் என்றார் குயா. நூலை அந்தப் பெண்ணுக்கே, 'செல்யா' என்று பெயர் மாற்றிக் காணிக்கையாக்கியிருக்கிறார்.

அடுத்த வாரம் அவர் சொன்னதுதான் என்னை விடவே இல்லை. அமாடோ ஹெர்னாந்தெஸ், மணிலாவின் தோந்தோக்காரர். கவிஞர், நாடகாசிரியர், தொழிற்சங்கத் தலைவர். கிளர்ச்சிக் குற்றம் சாட்டி 1951-ல் பிடித்துப் போட்டார்கள். 1956-ல் ஜாமீன் கிடைத்தது, 1964-ல்தான் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. முந்தின்லூப்பா சிறையின் தனிக்கொட்டடியில் அவர் எழுதிய கவிதை 'இசாங் தீப்பாங் லாங்கித்'. சின்ன ஜன்னல் வழியே தெரிந்தது அவ்வளவு வானம்தான். 'தீப்பா' என்றால் என்ன என்று கேட்டேன். குயா இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினார்.

அட, அது நம்ம பாகம், விரித்த இரண்டு கையின் அளவு! என் தாத்தா கடலின் ஆழத்தைப் பாகத்தில்தான் சொல்வார். ஒரு பாக வானம். எனக்கு அப்போது தொண்டை அடைத்துக்கொண்டது.

இதைப் போல யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

தாவோ மாணவி:
பிலிப்பைன்ஸின் தாவோ நகரில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே ஆகஸ்ட் மாதம் மொழி மாதம். போன ஆண்டு நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மா தன் மகளின் பள்ளிக்குக் கூட்டிப்போனார். மேடையில் இரண்டு பிள்ளைகள், நடுவில் ஒரு நடுவர். நம் பட்டிமன்றம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் வாதம் முழுக்கச் செய்யுள்! பலக்தாஸின் பெயரால் இதற்கு 'பலக்தாசான்' என்று பெயர். முதல் பலக்தாசான் 1924 ஏப்ரல் 6-ல் மணிலாவில் நடந்திருக்கிறது. அதில் மோதியவர்களில் பேசப்படும் இருவர் கவிஞர்கள் ஹோசே கொராசோன் தே ஹெசூஸ், ஃப்ளோரெந்தீனோ கொல்யாந்தெஸ்.

தே ஹெசூஸ் 37 வயதில், 1932-ல் இறந்துவிட்டார். கூண்டுப் பறவையே அழும்போது அடிமைப்பட்ட நாடு அழாதா என்று அவர் எழுதிய 'பாயான் கோ' பாட்டு அமெரிக்க ஆட்சிக்கு எதிராகப் பிறந்தது. 1986-ல் சர்வாதிகாரி மார்க்கோஸை ஆட்சியிலிருந்து இறக்கிய கூட்டம் தெருவில் நின்று அதைத்தான் பாடியது. அன்று பள்ளியிலும் கடைசியில் பாடினார்கள். வீட்டு அம்மாவுக்குத் தாய்மொழி செபுவானோ, பாட்டின் மொழியான தகாலோக் அல்ல. ஆனாலும் ஒரு வரி விடாமல் பாடினார்.

மணிலாவாசி:
2012-ல் இங்கே பண்பாட்டு மையத்தில் 'ராமா ஹரி' பார்த்தேன். நம் ராமாயணம், பாலேயும் ராக் இசையுமாக, பிலிப்பினோ மொழியில்! 1980-ல் முதலில் மேடையேறியது. பாடல்கள் பியென்வெனீதோ லும்பெரா, இசை ரயான் கயப்யப். பிரிவில் சீதையும் ராமனும் பாடும் இடத்தில், மொழி அரைகுறையாகத்தான் தெரிந்தாலும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் லும்பெராவைத் தேடிப் படித்தேன். மார்க்கோஸின் ராணுவச் சட்டக் காலத்தில், 1974-ல், சிறையில் இருந்தவர். பின்னாளில் மக்ஸேஸே விருதும் தேசியக் கலைஞர் பட்டமும் வந்தன. 2021-ல் காலமானார். அரியணையை இழந்து காட்டுக்குப் போனவனின் கதையை, சிறையிலிருந்து வந்த மனிதர் எழுதினார் என்று தெரிந்த பிறகு அந்தப் பாடல்களை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

நிக் ஹொவாக்கினையும் சொல்லியே ஆகவேண்டும். நாவல், நாடகம், கவிதை எல்லாம் எழுதியவர். 1976-ல் தேசியக் கலைஞர் பட்டத்தை ஏற்க அவர் வைத்த நிபந்தனை, சிறையிலிருந்த கவிஞர் ஹோசே லகாபாவை விடுவிக்க வேண்டும் என்பது. விடுவித்தார்கள். லகாபா 1973-ல் புனைபெயரில் எழுதிய ஒரு கவிதையின் அடிகளின் முதலெழுத்துகளை மேலிருந்து கீழாகக் கூட்டினால், மார்க்கோஸைச் சர்வாதிகாரி என்று திட்டும் முழக்கம் வரும். பத்திரிகை அச்சாகிக் கடைக்குப் போன பிறகுதான் அரசுக்குத் தெரிந்தது.

கப்பல்காரன், தூத்துக்குடி:
குயா ஓய்வுபெற்று ஊரோடு இருக்கிறார். நீங்கள் எழுதியதையெல்லாம் நேற்று அவருக்குச் சொன்னேன். பாயான் கோவைப் பாடியே அனுப்பிவிட்டார். கடைசியில் 'பாகம்' என்று தமிழில் சொல்கிறார். அந்த 'க' மட்டும் இன்னும் வரவில்லை.