சினாப்சிஸ் திரும்பி வந்துவிட்டது: ஆய்வுச் சிக்கலை எப்படி எழுதுவது?

கண்மாய்_மாணவி:
வணக்கம். மதுரையில் பொருளியலில் பகுதிநேர பிஎச்டி செய்கிறேன். தலைப்பு: ‘மதுரை மாவட்டக் கண்மாய்ப் பாசனத்தில் குடிமராமத்துத் திட்டத்தின் தாக்கம் – ஓர் ஆய்வு’. (குடிமராமத்து என்றால் ஊர்மக்களே சேர்ந்து கண்மாயைச் சீரமைத்துப் பராமரிப்பது.) சினாப்சிஸின் (ஆய்வுச் சுருக்கத்தின்) முன்னுரையைப் படித்த கைடு, “தலைப்பு இருக்கு, சிக்கல் எங்கே?” என்று ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். உலகத் தண்ணீர்ப் பற்றாக்குறையில் தொடங்கி, இந்தியப் பாசன வரலாறு, தமிழகக் கண்மாய்கள், 2017-ல் அரசு குடிமராமத்தை மறுபடி கொண்டுவந்தது என்று போய், ‘இதுபற்றி இதுவரை யாரும் ஆய்வு செய்யவில்லை’ என்று முடித்திருக்கிறேன். அடுத்த மாதம் டாக்டரல் கமிட்டி (ஆய்வை மதிப்பிடும் குழு) கூடுகிறது. என்ன குறைகிறது?

வைகை_வடகரை:
முதலில் அந்தக் கடைசி வரியை அடித்துவிடுங்க மேடம். மானிடவியலாளர் டேவிட் மோஸ் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களை வைத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் இருந்த கே. பழனிசாமி கண்மாய்களின் பொருளாதாரம் பற்றிப் பல வருடம் எழுதியவர். வெளித் தேர்வாளர் இவர்களைப் படித்திருந்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும்.

பழைய_வாத்தியார்:
அம்மா, நீரைப் பற்றிய ஒரு குறளோடு ஆரம்பித்திருப்பீர்களே? கண்மாய் பற்றி வரும் ஆய்வேடு எல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும், அது கிடக்கட்டும்.

ஆய்வு முன்னுரை எப்படி நகர்கிறது என்பதை மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-லேயே மூன்று நகர்வாகப் பிரித்துக் காட்டினார். களம் எது, அது ஏன் முக்கியம் என்பது முதலாவது. அந்தக் களத்தில் எது இன்னும் விளங்காமல் கிடக்கிறது என்பது இரண்டாவது. அதில் நான் எதைச் செய்யப்போகிறேன் என்பது மூன்றாவது. நீங்கள் முழுக்க முதலாவதிலேயே நிற்கிறீர்கள்.

‘யாரும் செய்யவில்லை’ என்பது இரண்டாவது ஆகாது. உங்கள் தெருவில் எத்தனை வீட்டுக்கு நீல வாசல் என்றும்தான் யாரும் ஆய்வு செய்யவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒன்றும் நீங்கள் கண்ட ஒன்றும் முட்ட வேண்டும், சிக்கல் அங்கேதான் பிறக்கும். களத்துக்குப் போனீர்களா? எதைப் பார்த்து ‘இது ஏன் இப்படி?’ என்று தோன்றியது?

கண்மாய்_மாணவி:
போனேன் சார். மேலூர்ப் பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கண்மாய். இரண்டிலும் குடிமராமத்தில் தூர்வாரி மடையைச் சரிசெய்திருக்கிறார்கள். ஒன்றில் ஊர்க்கூட்டம் போட்டு, வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் ஆளான நீர்ப்பாய்ச்சியை வைத்து முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மற்றதில் கருவேலம் மறுபடி மண்டிவிட்டது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் யார் பொறுப்பு என்றே தெரியவில்லை. இரண்டு ஊரிலும் போர்வெல் இருக்கிறது.

பழைய_வாத்தியார்:
இதை விட்டுவிட்டா உலகத் தண்ணீர்ப் பஞ்சத்தை எழுதினீர்கள்! கிணறு பெருகினால் கண்மாயில் அக்கறை குறையும் என்பது பழைய வாதம். உங்கள் ஊர்களில் இரண்டிலும் கிணறு இருக்கிறது, ஆனால் ஒன்றில்தான் அக்கறை போயிருக்கிறது. அப்போது அந்த வாதம் மட்டும் போதாது. இதுதான் உங்கள் சிக்கல்.

மேலூர்க்காரன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் விவசாயி. இரண்டும் ஒரே கால்வாய்த் தண்ணீரா என்று பார்த்தீர்களா தங்கச்சி? பெரியாறு கால்வாயில் வரத்து உள்ள கண்மாய் வேறு, மானாவாரிக் கண்மாய் வேறு. உசிலம்பட்டிப் பக்கத்துக் கண்மாயை எங்க கண்மாயோடு வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். இன்னொன்று, ஆயக்கட்டு (கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேலே என்றால் பொதுப்பணித்துறை (இப்போது நீர்வளத்துறை), கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். யார் கையில் இருக்கிறது என்பதே பாதி விஷயம்.

கண்மாய்_மாணவி:
வரத்து ஒரே கால்வாய்தான் அண்ணா. ஆனால் நன்றாக இருப்பது பெரிய கண்மாய், மற்றது ஒன்றியக் கண்மாய். இதை நான் யோசிக்கவே இல்லை.

இப்படி எழுதலாமா: ‘ஒரே கால்வாயில் நீர் பெறும், ஒரே திட்டத்தில் சீரமைக்கப்பட்ட இரு கண்மாய்களில் ஒன்றில் மட்டும் கூட்டுப் பராமரிப்பு தொடர்கிறது. கிணற்றுப் பெருக்கம் இரண்டிலும் உண்டு என்பதால் அது மட்டும் இதை விளக்காது. சீரமைப்புக்குப் பின் பராமரிப்பு தொடர்வதை எவை தீர்மானிக்கின்றன என்பதை இந்த ஆய்வு ஆராய்கிறது.’

வைகை_வடகரை:
நல்லா இருக்கு. ஒன்றியக் கண்மாய்களிலேயே நன்றாக இருக்கும் ஒன்றையும் சேருங்கள். இல்லாவிட்டால் ‘துறைதான் காரணம்’ என்று கமிட்டி ஒரே வார்த்தையில் முடித்துவிடும். கிணறு ‘உண்டு’ என்றால் போதாது, ஏக்கருக்கு எத்தனை என்று ஊர்வாரியாகக் கணக்கெடுங்கள். தலைப்பில் ‘மதுரை மாவட்ட’த்தை எடுத்துவிட்டு மேலூர் வட்டம் என்று சுருக்குங்கள். ‘தாக்கம்’ வேண்டாம், அது வேறு ஆய்வு, திட்டத்துக்கு முந்தைய தரவு இல்லாமல் செய்ய முடியாது.

பழைய_வாத்தியார்:
முதல் பத்தியிலேயே அந்த இரண்டு கண்மாயும் வரட்டும். வரலாற்றை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள்.

மேலூர்க்காரன்:
அடுத்த தடவை மழை முடிந்து மடை திறந்திருக்கும்போது வாங்க. வெயில் காலத்தில் வந்தால் நீர்ப்பாய்ச்சியை டீக்கடையில்தான் பார்க்கலாம்.